காட்டு ஆந்தையின் முகம் சாஃப்ட் பேஸ்டலில்: முழுமையான வழிகாட்டி

இறகு இறகாக எண்ணி மூன்று நாள் வரைந்த ஆந்தை, கடைசியில் பஞ்சடைத்த பொம்மை போல உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இன்னொருவர் ஒன்றரை மணி நேரத்தில் இழுத்துவிட்ட ஆந்தை நம்மை முறைத்துப் பார்க்கும். பலரோடு சேர்ந்து உட்கார்ந்து வரைந்ததில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இரண்டாமவருக்குக் கைத்திறன் கூடுதல் என்றுகூடச் சொல்ல முடியாது. எதை முதலில் செய்வது, எதைக் கடைசிவரை தொடாமல் வைப்பது என்பது அவருக்குப் பிடிபட்டிருந்தது, அவ்வளவுதான்.

கீழே உள்ளது அந்த வரிசை. உதாரணத்துக்குக் கொம்பன் ஆந்தையை எடுத்துக்கொள்கிறேன். ஆரஞ்சுக் கண், தலையில் கொம்பு போல நிற்கும் இறகுக் கொத்து, முகத்தைச் சுற்றிக் கருப்பு வரம்பு என்று பேஸ்டலுக்கென்றே அமைந்த முகம் அதற்கு. கூகையோ புள்ளி ஆந்தையோ வரைந்தாலும் படிகள் மாறாது, நிறங்கள்தான் மாறும். மொத்தம் நான்கைந்து மணி நேர வேலை. இரண்டு அமர்வாகப் பிரித்துக்கொண்டால் நல்லது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பெட்டியைப் பாருங்கள். அதில் "ஆயில் பேஸ்டல்" என்று இருந்தால் இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தாது. ஆயில் பேஸ்டல் மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது, இரண்டு அடுக்குக்கு மேல் வழுக்கத் தொடங்கும். நமக்கு வேண்டியது சாஃப்ட் பேஸ்டல்: நிறமியோடு மிகக் கொஞ்சம் பசை சேர்த்து உருட்டிய, தொட்டாலே தூள் ஒட்டும் குச்சி.

முப்பது, நாற்பது குச்சி போதும். எத்தனை நிறம் இருக்கிறது என்பதைவிட, கருமைப் பக்கத்தில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். கருநீலம், கரும்பழுப்பு, கருஊதா எனக் குறைந்தது மூன்று வேண்டும். சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் இவை இருக்காது. இருப்பது ஒரே ஒரு கருப்பு. அந்தக் கருப்பை மட்டும் நம்பினால் நிழல் எல்லாம் தாளில் ஓட்டை விழுந்தது போலத் தெரியும். தேவைப்படும் கருமைகளைத் தனிக் குச்சிகளாக வாங்கிச் சேர்த்துக்கொள்வது, இன்னொரு பெட்டி வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம்.

இவற்றோடு ஆறேழு ஹார்ட் பேஸ்டல், அதாவது சதுரமாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும் குச்சிகள். கீழ் அடுக்குகள் எல்லாம் இவற்றால்தான். கெட்டியில் தொடங்கி மென்மையில் முடிப்பது பேஸ்டலின் அடிப்படை. மென்மையான குச்சி தாளின் குழிகளைச் சட்டென்று நிரப்பிவிடும். அதற்குமேல் கெட்டிக் குச்சி வைத்தால் நிறம் ஏறாது, இருக்கும் நிறத்தைத்தான் சுரண்டும்.

பேஸ்டல் பென்சில் மூன்று: கருப்பு, கரும்பழுப்பு, ஆரஞ்சு. இவற்றை பிளேடால் சீவுங்கள். ஷார்ப்பனரில் சுற்றினால் உள்ளிருக்கும் நிறக்கூர் துண்டு துண்டாக உடையும்.

தாள் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண வரைதாளில் மூன்றாவது அடுக்கே நிற்காது. சாண்டட் பேப்பர் எனப்படும், மேலே நுண்ணிய மணல் போன்ற பூச்சுள்ள பேஸ்டல் தாளில் 400 அல்லது 500 கிரிட் எடுங்கள். எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். அது கிடைக்காவிட்டால் கான்சன் மி-டாண்ட் போன்ற தாள் பரவாயில்லை. ஆனால் அதன் ஒரு பக்கத்தில் தேன்கூடு போன்ற வரிசைக் குழிகள் இருக்கும். அது ஆந்தையின் முகத்தில் கொசுவலை போலத் தெரியும். திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் வரையுங்கள். தாளின் நிறம் நடுத்தரச் சாம்பலோ பழுப்போ இருக்கட்டும். வெள்ளைத் தாளில் எந்த நிறமும் உள்ளதைவிடக் கருமையாகத் தோன்றும். அதனால் பயந்து எல்லாவற்றையும் வெளிறலாகவே வைத்துக்கொண்டு போவோம்.

அளவு A3. தாளில் ஆந்தையின் கண் ஒவ்வொன்றும் குறைந்தது 3 செ.மீ. அகலம் வர வேண்டும். A4 தாளில் முழு ஆந்தையையும் கிளையோடு வரைய ஆசைப்படுபவர்களுக்குக் கண் கடலை அளவில் வந்து நிற்கும். அந்த அளவுக்குள் குச்சி நுழையாது; கண் முழுக்கப் பென்சில் வேலையாகிச் செத்துப்போகும்.

மற்றவை: சாய்வான பலகை அல்லது ஈசல் (ஓவியப் பலகையை நிறுத்தும் தாங்கி), மாஸ்கிங் டேப், ஒரு முரட்டு மயிர்த் தூரிகை, பிசையும் ரப்பர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம், ஈரத் துணி, முகக்கவசம்.

முகக்கவசத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். சில நிறமிகளில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் உண்டு. தூளை வாயால் ஊதவே ஊதாதீர்கள். பலகையை முன்பக்கம் சாய்த்துப் பின்னால் தட்டினால் தூள் கீழே கொட்டும். ஈரத் துணியை அடியில் விரித்துவைத்தால் அது பிடித்துக்கொள்ளும்.

2. மாதிரிப் புகைப்படம்

இறகு எவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தாலும் கண் தெளிவில்லாத படத்தை ஒதுக்கிவிடுங்கள். கண்ணை ஊகித்து வரைய முடியாது. இறகை முடியும்.

ஒளி ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணியின் நடுவில் குண்டூசித்தலை போல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், முகம் தட்டையாகியிருக்கும். பகல் வெளிச்சத்தில் எடுத்ததில் அந்தப் பளபளப்பு கண்ணின் மேல்பக்கம், வானத்தின் வடிவத்தில் விழும்.

இரண்டு படங்களை ஒட்டுப்போடும் பழக்கம் பலருக்கு உண்டு. "கண் இதிலிருந்து, கொம்பு அதிலிருந்து" என்று. ஆந்தையில் இது காலை வாரும். காரணம், அதன் உடம்பு முழுக்கச் சேர்ந்துதான் ஒரு மனநிலையைக் காட்டும். மறைந்துகொள்ளப் பார்க்கும் ஆந்தை இறகுகளை உடம்போடு ஒட்டி, ஒல்லியாக, நெட்டுக்குத்தாக நிற்கும். கொம்பு விறைத்திருக்கும், கண் கீற்றாகச் சுருங்கியிருக்கும். எதிரியை மிரட்டும்போது இறகைச் சிலிர்த்து உப்பிப் பெரிதாகும், கண் அகலத் திறந்திருக்கும். சும்மா இருக்கும்போது உருண்டையாக, கொம்பு தளர்ந்து கிடக்கும். விறைத்த கொம்பின் கீழே தூங்கிவழியும் கண்ணை வைத்தால், பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஆந்தையின் விழி மனிதருடையது போல உருண்டை அல்ல, குழாய் வடிவம். குழியில் அசையாமல் பொருந்தியிருக்கும். பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் அது தலையைத்தான் திருப்பும், ஏறக்குறைய 270 பாகை வரை. ஆகவே அலகு காட்டும் திசைதான் பார்வையின் திசை. கள்ளப் பார்வை வர வேண்டும் என்று கண்மணியை ஓரத்துக்குத் தள்ளி வரைபவர்களைப் பார்க்கிறேன். அது கார்ட்டூன் ஆந்தை. காட்டு ஆந்தைக்கு ஓரக்கண் கிடையாது. மாறாக, முதுகு நம் பக்கம், முகமும் நம் பக்கம் என்று வரைந்தால், அது எந்த மனிதராலும் முடியாத நிலை. காட்டுத்தனம் அதிலேயே வந்துவிடும்.

நீங்களே படம் எடுக்கப் போனால் கூட்டின் பக்கம் போக வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், பதிவுசெய்த ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம். அடுத்தவர் எடுத்த படம் என்றால் அனுமதி கேளுங்கள்.

3. ஒரு சொல், மூன்று சிறு ஓவியங்கள்

தாளைத் தொடும் முன், துண்டுக் காகிதத்தில் ஒரே ஒரு சொல் எழுதிக் கண்ணில் படும்படி ஒட்டிக்கொள்ளுங்கள். முறைப்பு. அரைத்தூக்கம். எச்சரிக்கை. எது வேண்டுமானாலும். பாதி வழியில் "இங்கே இன்னும் நாலு இறகு போடலாமா?" என்ற கேள்வி வரும்போது அந்தச் சொல்தான் பதில் சொல்லும்.

பிறகு உள்ளங்கை அளவில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்தே நிமிடத்தில் முகத்தை மூன்றே டோனில் பிரித்துப் போடுங்கள்: கருமை, நடு, வெளிச்சம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பார்த்தால் நுணுக்கம் மறைந்து இந்த மூன்றும் தெரியும். போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பதும் உதவும்.

இதில் தேட வேண்டியது ஒன்றுதான்: மிகக் கருமையும் மிக வெளிச்சமும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன? அது கண்ணிலோ புருவத்திலோ இருக்க வேண்டும். காதோரக் கொம்பிலோ பின்னணியிலோ இருந்தால் பார்ப்பவரின் கண் அங்கேதான் ஓடும். அதை இங்கேயே திருத்திவிடுங்கள். A3 தாளில் போய்த் திருத்துவது பெரும்பாடு.

4. தாளில் இடம் பிடிப்பது

சாதாரணப் பென்சிலால் ஸ்கெட்ச் போடாதீர்கள். கிராஃபைட் வழவழப்பானது. அதன்மேல் பேஸ்டல் சரியாகப் பிடிக்காது, பிறகு எங்காவது பளபளவென்று எட்டிப் பார்க்கும். கரித்துண்டோ (சார்கோல்) பழுப்பு ஹார்ட் பேஸ்டலோ போதும்.

தலையின் வெளிக்கோட்டிலிருந்து தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. வட்டத்தைப் போட்டுவிட்டு உள்ளே கண்களைத் திணிக்கும்போது இடம் போதாமல் போகும். உள்ளிருந்து வெளியே வாருங்கள். இரண்டு கண்களையும் இணைக்கும் சாய்வுக் கோடு முதலில். அதற்குச் செங்குத்தாக, நடுவில் அலகின் கோடு. அடுத்து ஒரு கண்ணின் அகலத்தை அளவுகோலாக வைத்து, இரண்டு கண்ணுக்கும் நடுவில் எத்தனை கண் இடம் என்று படத்தில் அளந்து தாளில் குறியுங்கள். பிறகு முகத்தட்டின், அதாவது கண்களைச் சுற்றித் தட்டுப் போல விரிந்த இறகுப் பரப்பின் வரம்பு. தலையும் கொம்பும் கடைசியில்.

அலகை மூக்கு என்று நினைத்துக் கண்களுக்குக் கீழே தொங்கவிடுவார்கள். ஆந்தையின் அலகு இரண்டு கண்களுக்கு நடுவிலேயே தொடங்கிக் கீழ்நோக்கி வளைகிறது. அதன் வேர்ப்பகுதி மயிர் போன்ற இறகுகளில் புதைந்திருக்கும். வெளியே தெரிவது பாதிதான்.

முடித்ததும் பலகையைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். ஒரு கண் மேலே ஏறியிருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

5. அடிப்பூச்சு

ஹார்ட் பேஸ்டல் குச்சியை 2, 3 செ.மீ. துண்டாக உடைத்து, சுற்றியிருக்கும் தாளை உரித்து, படுக்கவைத்துத் தேயுங்கள். புதுக் குச்சியை உடைக்கப் பலருக்கு மனம் வராது. முழுக் குச்சியை நுனியில் பிடித்தால் கிரேயான் பிடித்தது போலக் கோடுதான் வரும், பரப்பு வராது.

மூன்று டோன் மட்டும். பழுப்பு இறகு வரப்போகும் நிழலில் ஊதா, வெளிச்சத்தில் துருச்சிவப்பு அல்லது மங்கிய காவி. பறவையின் அசல் நிறத்தை இங்கே போட்டால் மேல் அடுக்கும் அதே நிறமாகிப் படம் ஒற்றைச் சுரத்தில் நிற்கும். அடியில் வேறு நிறம் இருந்தால் இறகுக் கோடுகளின் இடைவெளியில் அது மினுங்கும். படத்தின் உணர்ச்சியில் பாதி அந்த இடைவெளியில்தான்.

சாண்டட் பேப்பர் என்றால், ஆல்கஹாலில் தோய்த்த தூரிகையால் இந்தத் தூளைக் கரைத்துப் பரப்புங்கள். வெளிச்சப் பகுதியில் தொடங்கிக் கருமையில் முடியுங்கள். தூரிகையைத் துடைத்துக்கொண்டே போங்கள். சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். தாளின் வெள்ளைக் குழிகள் நிறம் பெறும், சொரசொரப்பும் குறையாது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஈரம் தாங்காத தாள் என்றால் துணியால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். இந்தப் படத்தில் தேய்க்க அனுமதி உள்ள ஒரே இடம் இது.

6. கண்கள்

நேரம் இங்கேதான் போக வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம். கண் முக்கால்வாசி சரியாக அமையும்வரை இறகுப் பக்கம் போகாதீர்கள். முகம் முழுக்க வரைந்துவிட்டுக் கண்ணில் தவறினால், மனம் வராமல் தவறோடு வாழ்ந்துவிடுவோம். கண்ணில் முதலில் தவறினால் தூரிகையால் துடைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம்.

சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்: நடுவில் இருக்கும் கருப்பு வட்டம் கண்மணி, அதைச் சுற்றியுள்ள ஆரஞ்சுப் பகுதியை விழிவளையம் என்கிறேன்.

முதலில் விழிவளையம் முழுவதையும் இருண்ட ஆரஞ்சால், செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில், சீராக நிரப்புங்கள். பளிச்சென்ற ஆரஞ்சில் தொடங்கினால் அதற்குமேல் வெளிச்சம் காட்ட எதுவும் மிச்சமிருக்காது.

அடுத்து கண்மணி. கருநீலத்தை முதலில் வைத்து, அதன் நடுவில் மட்டும் கருப்புப் பென்சிலால் அழுத்துங்கள். ஓரத்தைக் கோடு போட்டு மூடாதீர்கள். ஒரு மயிரிழை மங்கலாக இருக்கட்டும். தலை சற்றுத் திரும்பியிருந்தால் அப்பால் உள்ள கண் முட்டை வடிவமாகும், அதன் கண்மணியும் கூடவே முட்டை வடிவமாக வேண்டும். வெளிவட்டத்தை மட்டும் சுருக்கிவிட்டுக் கண்மணியை முழு வட்டமாக விடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும் மாற்றும் படி: மேல் இமையின் நிழல்.

என்னோடு வரைந்த ஒருவர் இரண்டு கண்களையும் காம்பஸ் வைத்தது போல முழு வட்டமாக வரைந்திருந்தார். நிறம் அருமை. ஆனால் ஆந்தை திடுக்கிட்டுப் போய் உட்கார்ந்திருந்தது, ஏதோ கடன்காரனைப் பார்த்தது போல. கரும்பழுப்புத் துண்டு ஒன்றை எடுத்து, வட்டத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் குறுக்காக ஒரே இழுப்பு இழுக்கச் சொன்னேன்: விழிவளையத்தின் மேலும் கண்மணியின் மேலும் நிற்காமல். கையை எடுக்கும் முன்பே ஆந்தை முறைக்கத் தொடங்கிவிட்டது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்ததும் நினைவிருக்கிறது.

இமையும் அதன்மேல் கூரை போல நிற்கும் புருவ இறகும் கண்ணின் மேல்பகுதியில் நிழல் போடுகின்றன. அந்த நிழல் இல்லாத கண், முகத்தில் ஒட்டிய பொத்தான். நிழலின் கீழ் ஓரம் நேராக இருந்தால் கடுமை, உள்பக்கம் சரிந்தால் சினம், வெளிப்பக்கம் சரிந்தால் சோர்வு. நீங்கள் ஒட்டிவைத்த சொல்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான்காவது, உள்ளொளி. ஒளி இடது மேல்பக்கத்திலிருந்து வந்தால் விழிவளையத்தின் வலது கீழ்ப்பக்கம்தான் பிரகாசமாக இருக்கும். கண்ணின் முன்பகுதி கண்ணாடி போலத் தெளிவானது. ஒளி அதற்குள் புகுந்து எதிர்ப்பக்கத்தில் விழுகிறது. அங்கே மட்டும் தெளிந்த ஆரஞ்சு, அதன் நடுவில் கொஞ்சம் மஞ்சள். பளபளப்புப் பக்கத்திலேயே மஞ்சளையும் வைப்பவர்களுக்குக் கண் தட்டையாகத்தான் வரும்.

ஐந்தாவது, கண்ணைச் சுற்றியுள்ள கரிய இமை விளிம்பு. மேலே தடிப்பாக, கீழே மெலிதாக, ஏதோ ஓரிடத்தில் அறுந்து. ஒரே தடிப்பில் சுற்றினால் மூக்குக்கண்ணாடி போட்டது போலாகும்.

நிழல் பக்கத்துக் கண் மற்றதைவிட ஒரு படி இருண்டும் மங்கியும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே அளவு தீட்டினால் முகம் தட்டையாகும்.

வெள்ளைப் பளபளப்பு இப்போது வேண்டாம். கை துறுதுறுக்கும், வைத்துவிடாதீர்கள். அது வந்த நொடியிலிருந்து மற்ற எல்லா டோனும் அதனோடு ஒப்பிடப்பட்டு மங்கலாகத் தோன்றும். மேலே வேலை செய்யும்போது விழும் தூளில் அதுவும் அழுக்காகும்.

7. புருவமும் அலகும்

அலகின் வேரிலிருந்து இரண்டு பக்கமும் மேல்நோக்கி, கொம்புவரை விரியும் வெளிர் இறகுப் பட்டைதான் புருவம். ஆந்தைக்குக் கோபம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்தப் பட்டையின் சாய்வைத்தான். பாவம், அதற்குக் கோபமே இல்லாதபோதும் முகம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. பட்டை கண்ணின் மேல்விளிம்பைக் கொஞ்சம் மூட வேண்டும். கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் வியப்பு வந்துவிடும்.

இழுப்பு எப்போதும் அலகிலிருந்து வெளிப்பக்கம்: அழுத்தித் தொடங்கி, முடிவில் குச்சியைத் தாளிலிருந்து சட்டென்று எடுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் தடித்த முனை வெளியே போய், இறகு ஆணி அடித்தது போல நிற்கும். சுத்த வெள்ளை வேண்டாம். சாம்பல் கலந்த வெளிர்நிறம் இப்போதைக்குப் போதும்.

அலகில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். கருஞ்சாம்பல் ஒரு பட்டை, முதுகில் நீலம் கலந்த ஒரு வெளிச்சக் கோடு, வேரை மூடும் நாலைந்து மயிர் இறகுகள். நாசித்துளைவரை தீட்டியவர்களின் ஆந்தை கிளியாகிவிட்டது.

8. முகத்தட்டு

கண்ணைச் சுற்றியுள்ள இறகுகள் சக்கரத்தின் ஆரங்கள் போலக் கண்ணிலிருந்து வெளியே விரிந்து, ஓரத்தில் கீழ்நோக்கி வளையும். இந்தத் தட்டு ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் கிண்ணம் மாதிரி. (தலையில் நிற்கும் கொம்புகள் காதுகள் அல்ல, காதுத் துளைகள் இந்தத் தட்டின் ஓரத்தில், இறகுக்கடியில் இருக்கின்றன.) கிண்ணம் என்று மனதில் வைத்துக்கொண்டால் நிழல் தானாக அமையும்: கண்ணுக்கருகே பள்ளம், வரம்பில் மேடு.

எத்தனை இறகு என்பதைவிட எந்தத் திசை என்பதுதான் இங்கே முக்கியம். முதலில் ஹார்ட் பேஸ்டலால் ஒவ்வொரு பக்கமும் ஏழெட்டு வழிகாட்டிக் கோடுகளை லேசாகப் போடுங்கள். திசை தவறிய இறகு ஒன்றே ஒன்று இருந்தாலும் முகத்தில் வடுப்போலத் தெரியும்.

பிறகு இருண்டதிலிருந்து வெளிச்சத்துக்கு. நடுப்பழுப்பை உடைந்த குச்சியின் கூர்விளிம்பால் இழுங்கள். கண்ணருகே அரை செ.மீ. இழுப்புகள், வெளியே போகப்போக நீளம். அதன்மேல் மங்கிய காவி, எண்ணிக்கையில் பாதி. அதற்குமேல் வெளிர்நிறம், இன்னும் பாதி. அடியில் உள்ள ஊதா அங்கங்கே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அளவு மீறிவிட்டீர்கள். வெளிர் இழுப்புகள் பக்கத்துக்கு இருபதைத் தாண்ட வேண்டாம் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட கணக்கு. எண்ணிக்கொண்டே வரைவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் கையை அது ஒன்றுதான் கட்டுப்படுத்துகிறது.

விரலால் தேய்க்காதீர்கள். தோலில் உள்ள எண்ணெயும் அழுத்தமும் சேர்ந்து தாளின் சொரசொரப்பை அடைத்துவிடும். இறகெல்லாம் ஒரே பஞ்சாகிவிடும். இரண்டு நிறம் கலக்க வேண்டுமென்றால், மூன்றாவது குச்சியை அவற்றின் மேல் காற்றுப்பட்டது போல லேசாக இழுத்தாலே கலந்துவிடும்.

வெளிவரம்பு கொம்பன் ஆந்தைக்குக் கருப்பு. கருநீலமும் கரும்பழுப்பும் மாறிமாறி வைத்து, வெளிச்சப் பக்கத்தில் இரண்டு இடத்தில் அறுத்துவிடுங்கள். கூகை என்றால் தட்டு இதய வடிவத்தில் வெளுத்திருக்கும், கண் முழுக்கக் கரியதாகத் தெரியும்; அங்கே வரம்பு ஒரு மெல்லிய காவிக்கோடு, அவ்வளவே.

9. தலை, கொம்பு, கழுத்து

இதைச் சீக்கிரம் முடியுங்கள். குச்சியைப் படுக்கவைத்துப் பெரிய பட்டைகள், மேலே சில கருங்கீற்றுகள். இறகை ஒவ்வொன்றாக வரையாமல் கொத்தாகப் பாருங்கள். முகத்துக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசி இங்கே போதும். தொண்டையின் வெள்ளைத் திட்டை மட்டும் ஒரு படி மங்கலாக வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணோடு போட்டிக்கு வரும்.

நிறத்தில் துணிந்து விளையாட வேண்டிய இடமும் இதுதான். பழுப்பு நிழலில் கரும்பச்சையோ ஊதாவோ வைக்கலாம். டோன் பொருந்தினால் நிறம் தகராறு செய்யாது. சந்தேகமிருந்தால் வெட்டி எறிந்த தாள் துண்டில் இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தேய்த்துப் போனில் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். இரண்டும் ஒன்று போலத் தெரிந்தால் தைரியமாக வைக்கலாம்.

10. பின்னணியும் விளிம்பும்

பின்னணியைக் கடைசியில் நிரப்பினால் ஆந்தை கத்தரித்து ஒட்டியது போல இருக்கும். தலையை வரையும்போதே பின்னணி நிறத்தையும் கையிலெடுங்கள். பின்னணியைத் தலை விளிம்பின் மேல் கொஞ்சம் இழுங்கள், தலையின் இறகை அதன்மேல் திருப்பி இழுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிப் போய்வந்தால் விளிம்பு தானாக மென்மையாகும்.

நிழல் பக்கத்தில் தலை எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரையட்டும். ஒரு கொம்பின் நுனியும் கரையட்டும். கூர்மையான விளிம்பு கண், புருவம், அலகு இந்த முக்கோணத்துக்குள் மட்டும். இலை, பட்டை, பாசி எதையும் தீட்ட வேண்டாம். கிளை அவசியமென்றால் ஒரு இழுப்பு.

11. கடைசிப் பத்து இழுப்புகள்

கை கழுவுங்கள். பலகையைத் தட்டித் தூளை உதிருங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள்.

இருப்பதிலேயே மென்மையான வெளிர்க் குச்சியின் சுத்தமான முனையை எடுங்கள். மேகமூட்டத்தில் எடுத்த படமென்றால் வெள்ளையைவிட வெளிர்நீலம் பொருந்தும். கண்மணியும் விழிவளையமும் சந்திக்கும் மேல் ஓரத்தில், இரண்டிலும் பாதிப் பாதி படும்படி, ஒரே தொடுதல். தேய்க்காதீர்கள், வட்டமாக்காதீர்கள். அடுத்த கண்ணிலும் அதே கடிகார நிலையில், சற்று மங்கலாக. ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் போனால் மாறுகண் வந்துவிடும்.

பிறகு புருவத்தில் நாலைந்து வெளிர் இழுப்பு, அலகடி மயிரில் இரண்டு. அடுத்ததை எங்கே வைக்கலாம் என்று தேடத் தொடங்கினால் படம் முடிந்துவிட்டது என்று பொருள். டேப்பை உரியுங்கள்.

12. வழியில் சிக்கினால்

நிறம் ஏறாமல் வழுக்குகிறதா? தாள் நிரம்பிவிட்டது. அந்த இடத்தை முரட்டுத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்து உதிருங்கள். அதுவும் போதாவிட்டால், 30 செ.மீ. தள்ளி நின்று ஃபிக்ஸேட்டிவை (தூளைத் தாளில் பிடித்துவைக்கும் தெளிப்பான்) லேசாக ஒரு தெளிப்பு, அதுவும் வெளியில் வைத்து. உலர்ந்தபின் மீண்டும் பிடிக்கும்.

சேறாகிவிட்டதா? அதன்மேல் இன்னொரு நிறம் வைத்துச் சரிசெய்யப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது, சேறு கூடும். துடைத்துவிட்டு ஒரு கருமை, ஒரு நடுநிறம், இரண்டோடு நிறுத்துங்கள்.

பார்வை இரண்டு திசையில் போகிறதா? கண்மணியை நகர்த்த முயலாதீர்கள். பெரும்பாலும் பிசகு இமை விளிம்பில்தான் இருக்கும். அலகின் நடுக்கோட்டிலிருந்து இரு கண்மணிக்கும் உள்ள தூரத்தைப் படத்திலும் தாளிலும் அளந்து பாருங்கள். அது சரியென்றால், இமையை ஒரு பக்கம் தடிப்பாக்கினாலே பார்வை சேர்ந்துவிடும்.

13. பாதுகாப்பு

முடிந்த படத்தின்மேல் ஃபிக்ஸேட்டிவ் அடிக்காமல் இருப்பதே என் வழக்கம். கடைசியாக வைத்த வெளிர் இழுப்புகளும் கண்ணின் பளபளப்பும் அதில் முதலில் மங்கும். இடைநிலையில் ஒரு தெளிப்பு என்பதோடு சரி.

சட்டம் போடும்வரை மேலே கிளாசின் எனப்படும் வழவழப்பான மெல்லிய தாளை விரித்து, இரண்டு அட்டைக்கு நடுவே படுக்கவையுங்கள். மேலே கனம் ஏற்றாதீர்கள். கிளாசினைத் தூக்கும்போது நேராக மேலே தூக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் புருவம் அதோடு போய்விடும்.

சட்டத்துக்குக் கண்ணாடி போடுங்கள். சாதாரண அக்ரிலிக் தகடு நிலைமின்சாரத்தால் தூளை இழுத்துக்கொள்ளும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே மவுண்ட் அட்டை, அதாவது நடுவில் ஜன்னல் போல வெட்டிய தடித்த அட்டை வேண்டும். அந்த அட்டைக்கடியில், படத்தின் ஓரத்தில் மறைவாக மெல்லிய இடைத்துண்டு ஒட்டச் சொல்லுங்கள். சுவரில் ஆணி அடிக்கும்போது அதிர்ந்து உதிரும் தூள் மவுண்டின் வெட்டு விளிம்பில் விழாமல் அந்த இடுக்குக்குள் போய்விடும்.